தீயணைப்பு வண்டி ஏன் நிற்கவில்லை, தெரியுமா?

ஊர்ப் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடம். ஊர்க் கல்வி வாரியம் நடத்துகிற பள்ளிக்கூடம். அந்தப் பள்ளியின் அணி போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனால், மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் என்ன சொன்னது தெரியுமா? ‘உங்களுடையது பொதுப் பள்ளியே இல்லை!’ ஏனாம்? அங்கே கறுப்பினப் பிள்ளைகள் மட்டும்தான் படிக்கிறார்களாம். எல்லாருக்கும் கதவு திறந்திருந்தால்தானே பொதுப் பள்ளி என்று விளக்கம் வேறு. அந்தப் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளிலிருந்து கிளப்பி அங்கே கொண்டுபோய் அடைத்தது யார்? அதே ஊர்தான்! கிள்ளியும் விட்டு, ‘ஏன் அழுகிறாய்?’ என்று கேட்பது இதுதான்.

இப்படி ஒன்றிரண்டு ஆண்டு இல்லை, 15 ஆண்டுகள் வாசலில் நிறுத்தி வைத்தார்கள். உள்ளே விட்ட 13ஆம் ஆண்டில் அந்தப் பள்ளி மாநிலக் கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மறுபடியும் தூக்கியது!

அமெரிக்காவின் இண்டியானா மாநிலம், அதன் தலைநகர் இண்டியானாபொலிஸ். கார் பந்தயப் பிரியர்களுக்கு 500 மைல் பந்தயத்தால் பழகிய ஊர். ஆனால் அந்த மாநிலத்துக்காரரை உலுக்கி எழுப்பிக் கேட்டால் அவர் வாயில் முதலில் வருவது கூடைப்பந்து. நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அப்படி. இன்னும் சொல்லப்போனால் அதற்கும் ஒரு படி மேல். ஏனென்றால் அங்கே சிற்றூர்கள்கூடத் தலையில் தூக்கிவைத்து ஆடியது பள்ளிப் பையன்களின் ஆட்டத்தை! 1911இல் தொடங்கிய மாநிலப் போட்டியில் பெரிய பள்ளி, சின்னப் பள்ளி என்ற பிரிவே கிடையாது. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளியும், நூற்றைம்பது பேர் படிக்கும் கிராமப் பள்ளியும் ஒரே ஏணியில் ஏற வேண்டும். 1997 வரை இதே கதைதான். 1928இல் அங்கே பட்லர் ஃபீல்டுஹவுஸ் என்று ஓர் உள்ளரங்கம் எழுந்தது. 15,000 பேர் உட்காரலாம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவிலேயே மிகப்பெரிய கூடைப்பந்து அரங்கம் அதுதான். பள்ளிப் பையன்களின் மாநில இறுதிப் போட்டி அங்கே நடந்தால் அத்தனை இருக்கையும் நிரம்பிவிடும்.

அந்த வெறி பிடித்த மாநிலத்தில்தான் இந்தப் பள்ளியை ஆட விடவில்லை.

பள்ளியின் பெயர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி. முதலில் வைக்க நினைத்த பெயர் என்ன தெரியுமா? தாமஸ் ஜெபர்சன்! எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற பிரகடனத்தை எழுதியவர். அதே கையால் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர். கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பள்ளி கட்டிவிட்டு அதற்கு இவர் பெயரா? ஊரிலிருந்த கறுப்பின மக்கள் விண்ணப்பம் எழுதி மறுத்தார்கள். பள்ளி வேண்டாம் என்று அவர்கள் போராடியது பலிக்கவில்லை. பெயரையாவது மாற்றிக்காட்டினார்கள்.

மாற்றி வைத்த பெயர் யாருடையது? 1770 மார்ச் 5, பாஸ்டன் நகரத் தெரு. பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஐந்து பேர் செத்தார்கள். முதலில் விழுந்தவராகச் சொல்லப்படுபவர் ஒரு கப்பல் தொழிலாளி. ஆப்பிரிக்க ரத்தமும் அமெரிக்கப் பூர்வகுடி ரத்தமும் கலந்தவர். அவர்தான் கிரிஸ்பஸ் அட்டக்ஸ். அமெரிக்கா என்ற நாடு பிறக்கும் முன்பே அதற்காக உயிர்விட்டவர் என்று கொண்டாடப்படுகிறவர். இதில் இன்னொரு வேடிக்கை: சுட்ட சிப்பாய்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடிய வக்கீல் பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஆனார். ஜான் ஆடம்ஸ்!

சரி, தனிப் பள்ளி ஏன்? 1920களின் இண்டியானா என்றாலே வரலாற்று ஆசிரியர்கள் வெள்ளை அங்கியைத்தான் முதலில் பேசுவார்கள். முகமூடி போட்ட கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் தென் மாநிலங்களில் மட்டும்தான் இருந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. வடக்கே இருக்கும் இந்த மாநிலத்தில் அதன் உறுப்பினர்கள் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1924இல் கவர்னரே அவர்கள் ஆதரவோடு ஜெயித்தவர். அடுத்த ஆண்டு நகரத்தின் கல்வி வாரியமும் அவர்கள் ஆதரவு பெற்றவர்கள் கைக்கு வந்தது. ஆனால், தனிப் பள்ளி கட்டுவது என்று தீர்மானம் போட்டது அவர்கள் இல்லை. 1922இல், அதற்கு முந்தைய வாரியமே அந்தத் தீர்மானத்தைப் போட்டுவிட்டது. கோட் போட்ட கண்ணியவான்கள், ஊர்ப் பெரிய மனிதர்கள், கேட்டுக் கேட்டு வாங்கிய தீர்மானம். பழி மட்டும் முகமூடிக்காரர்கள் மேல் போய்ச் சௌகரியமாக ஒட்டிக்கொண்டது. எனக்கு இந்தத் தகவல்தான் முகமூடியைவிடப் பயமாக இருக்கிறது.

அதுவரை கறுப்பினப் பிள்ளைகள் ஷார்ட்ரிட்ஜ், மேனுவல், ஆர்சனல் டெக்னிக்கல் என்று ஊரில் இருந்த மூன்று உயர்நிலைப் பள்ளிகளிலும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்தே படித்துக்கொண்டிருந்தார்கள். 1927 செப்டம்பரில் அட்டக்ஸ் திறந்ததும் அத்தனை பேரும் அங்கே அனுப்பப்பட்டார்கள். ஆயிரம் பேருக்கென்று போட்ட கணக்கு. வந்து நின்றதோ 1,300க்கும் மேல். திறந்த நாளிலேயே இடநெருக்கடி!

இங்கேதான் ஆச்சரியம். கறுப்பின அறிஞர்களுக்கு அன்றைய பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வேலை கிடையாது. முதுகலை முடித்தவர், முனைவர் பட்டம் வாங்கியவர், சட்டம் படித்தவர் எல்லாரும் எங்கே போவார்கள்? இந்த மாதிரிப் பள்ளிக்கூடத்துக்குத்தான். கல்லூரியில் பாடம் நடத்த வேண்டியவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுத்தார்கள். 1930இலிருந்து 1957 வரை தலைமையாசிரியராக இருந்த ரஸ்ஸல் லேன் சட்டப் பட்டதாரி. ஒதுக்குவதற்கென்று கட்டிய பள்ளியில், ஒதுக்கப்பட்ட அறிவெல்லாம் வந்து சேர்ந்துவிட்டது.

விளைவு? அமெரிக்க ராணுவத்தின் முதல் கறுப்பின விமானிகள் ஐந்து பேர் 1942 மார்ச்சில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் பயிற்சி முடித்து இறக்கை வாங்கினார்களே, அதில் ஒருவரான சார்ல்ஸ் டிபோ இந்தப் பள்ளி மாணவர். 1944இல் அமெரிக்கக் கடற்படை முதன்முதலாகப் பதின்மூன்று கறுப்பினத்தவரை அதிகாரிகளாக ஏற்றது. அதில் ஒருவரான கிரஹாம் மார்ட்டினும் இங்கே படித்தவர். போர் முடிந்ததும் அவர் திரும்பி வந்து இதே பள்ளியில் ஆசிரியராகவும் விளையாட்டுப் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். ஜாஸ் ரசிகர்களுக்கு இன்னொரு செய்தி: டிராம்போன் வாசிப்பையே புரட்டிப்போட்ட ஜே. ஜே. ஜான்சன், அதே வாத்தியத்தில் பேர் வாங்கிய ஸ்லைட் ஹாம்ப்டன், பின்னாளில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜாஸ் துறையை வளர்த்த டேவிட் பேக்கர் எல்லாரும் இதே வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்கள்தான். பள்ளிக்கு அருகிலேயே இண்டியானா அவென்யூ. இரவெல்லாம் ஜாஸ் ஒலித்த தெரு அது. பையன்களுக்குப் பகலில் ஒரு பாடசாலை, இரவில் ஒன்று!

விளையாட்டுக்கு வருவோம். மாநிலச் சங்கம் சேர்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? சங்க உறுப்பினராக இருக்கும் பள்ளிகளோடு முறையான போட்டி இல்லை, மாநிலப் போட்டியில் இடம் இல்லை. அதனால் அட்டக்ஸ் பையன்கள் தங்களைப் போலவே ஒதுக்கப்பட்ட பள்ளிகளைத் தேடித் தேடி ஆடினார்கள். கேரி நகரத்து ரூஸ்வெல்ட் பள்ளி, எவன்ஸ்வில் நகரத்து லிங்கன் பள்ளி, அப்புறம் மாநில எல்லை தாண்டி வெளியூர்கள். பக்கத்துத் தெருவிலிருக்கும் பள்ளியோடு ஆட முடியாது. பக்கத்து மாநிலத்துக்குப் பஸ் ஏற வேண்டும். கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் இதே தடை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கறுப்பினத்தவரான மாநில செனட்டர் ராபர்ட் புரோக்கன்பர் சட்டமன்றத்தில் இதைக் கிளப்பினார். கடைசியில் 1942இல் சங்கம் கதவைத் திறந்தது.

திறந்த கதவுக்குள் போனால், ஆட இடம் இல்லை! பள்ளி உடற்பயிற்சிக் கூடம் சிறியது. போட்டிக்கு ஆள் உட்கார இடம் போதாது. சொந்த மண் என்று ஒன்று இல்லாத அணி. ‘ஹோம் மேட்ச்’ என்றாலும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு இடத்துக்குத்தான் போக வேண்டும்.

இன்னொரு தடை கண்ணுக்குத் தெரியாதது. பள்ளியின் பெயர் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம் பெரியவர்களுக்கு. அழுத்தி ஆடாதே, முட்டாதே, வெள்ளையர் கோபப்படும்படி எதுவும் செய்யாதே, தோற்றாலும் சிரித்துக் கைகுலுக்கு. நல்ல பையனாக நடந்துகொள் என்ற அறிவுரை ஆட்டத்துக்குள்ளும் இறங்கி, கால்களைக் கட்டிவிட்டது. பெரியவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எந்தக் காலத்தில், எந்த ஊரில் அப்படிப் பயந்தார்கள் என்று பார்க்க வேண்டும் அல்லவா?

1950இல் அந்தக் கட்டை அவிழ்த்தவர் ரே க்ரோ. கணித ஆசிரியர். இண்டியானாபொலிஸுக்குத் தெற்கே ஒரு பண்ணையில், சுற்றிலும் வெள்ளையர் குடும்பங்களோடு வளர்ந்தவர். வெள்ளைப் பையன்களோடு சேர்ந்தே ஆடிப் பழகியவர். அவருக்கு அந்தப் பயம் கிடையாது. ஆனால் ஒழுங்கில் இரும்பு. வேகமாக ஆடு, ஓடு, தாக்கு. நடுவர் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதே. முதல் பத்துப் புள்ளி நடுவர்களுக்கு, மிச்சம் நமக்கு என்பது அவர் பையன்களுக்குச் சொன்ன கணக்கு. அதாவது, தீர்ப்பு நமக்கு எதிராகத்தான் வரும், அதையும் தாண்டி ஜெயிக்கிற மாதிரி ஆடு! கணக்கு வாத்தியார் அல்லவா, தள்ளுபடியைக் கழித்துவிட்டே கணக்குப் போட்டிருக்கிறார். ஏழு பருவங்களில் அவர் அணி ஜெயித்த ஆட்டங்கள் 179. தோற்றவை? வெறும் 20.

முதல் பருவத்திலேயே, 1951இல், ஒரு மின்னல். மண்டல இறுதியில் ஆண்டர்சன் பள்ளியோடு ஆட்டம். கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கி நிற்கும்போது பெய்லி ராபர்ட்சன் என்ற பையன் எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. 81–80! கறுப்பினப் பேட்டைகள் தெருவுக்கு வந்து ஆடின. மாநிலக் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக அட்டக்ஸ் நுழைந்தது. அந்த அணியின் ஹாலி பிரையன்ட், வில்லி கார்ட்னர் இரண்டு பேரும் பின்னாளில் உலகம் சுற்றி வேடிக்கை காட்டிய ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் அணிக்குப் போனார்கள்.

பந்தை எறிந்த பெய்லிக்கு ஒரு தம்பி. டென்னசி மாநிலத்தின் சார்லட் என்ற சிற்றூரில் பிறந்து, பிழைப்புத் தேடி வந்த குடும்பத்தோடு இண்டியானாபொலிஸுக்கு வந்தவன். பந்து வாங்கக் காசில்லை. துணிகளைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டுப் பந்தாக்கி, வீட்டுக்குப் பின்னால் பழக்கூடையில் எறிந்து பழகினான். லாக்ஃபீல்டு கார்டன்ஸ் குடியிருப்பை ஒட்டி ஒரு ஆட்டக்களம் இருந்தது. புழுதி பறப்பதால் அதற்குப் பெயரே ‘டஸ்ட் போல்’. பெரிய பையன்கள் ஆடும் அந்தப் புழுதிக்குள் இடித்துப் பிடித்து நுழைந்து கற்றுக்கொண்டான். அவன் பெயர் ஆஸ்கர் ராபர்ட்சன்.

பழக்கூடை என்றதும் ஒரு சின்ன விலகல். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது மாட்டியதும் பீச் பழக்கூடைதான்! அறுபது ஆண்டு முன்னே ஓர் ஆசிரியர் வேறு வழியில்லாமல் செய்ததை, இந்தப் பையனும் வேறு வழியில்லாமல் செய்தான்.

1954இல் ஆஸ்கர் இளையவனாக அணியில் சேர்ந்திருந்தான். அட்டக்ஸ் மறுபடி மேலே ஏறியது. வழிமறித்தது யார் தெரியுமா? மைலன் என்ற குட்டி ஊர்ப் பள்ளி. மொத்தமே 161 மாணவர்கள்! 65–52 என்று அட்டக்ஸைத் தோற்கடித்த அந்தக் கிராமத்துப் பையன்கள், மாநில இறுதியில் மன்சி சென்ட்ரல் என்ற மலையையும் 32–30 என்று சாய்த்தார்கள். அந்த ஆட்டத்தில் பாபி பிளம்ப் என்ற பையன் நான்கு நிமிடத்துக்கும் மேல் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றான். பிறகு கடைசி நொடியில் எறிந்து ஜெயித்தான். இந்தக் கதையை வைத்து 1986இல் ‘ஹூசியர்ஸ்’ என்று ஒரு ஹாலிவுட் படம் வந்தது. இன்றும் விளையாட்டுப் படங்களின் பட்டியலில் அதற்கு முன்வரிசைதான்.

அந்தப் படத்தில், இறுதிப் போட்டியில் எதிரணிப் பயிற்சியாளராக வந்து உட்கார்ந்திருப்பவர் யார் தெரியுமா? ரே க்ரோ! நிஜத்தில் தோற்ற அவரே படத்திலும் ஒரு முறை தோற்றுக்கொடுத்தார். கிராமத்து அணி ஜெயித்ததற்கு உலகம் தெரிந்த படம் கிடைத்தது. அடுத்த ஆண்டு நடந்ததற்கு ஹாலிவுட்டிலிருந்து இன்றுவரை அப்படி ஒன்று வரவில்லை. ஏன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1955. அட்டக்ஸ் ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் தோற்றிருந்தது. அரையிறுதிக்கு முந்தைய கட்டத்தில் மன்சி சென்ட்ரல். ஒரே ஒரு புள்ளி முன்னிலை, கடைசி நொடிகள், பந்து எதிரணியிடம். பறந்து வந்த பந்தை நடுவிலேயே ஆஸ்கர் பறித்தான். 71–70! பார்த்தவர்களுக்கு அதுதான் உண்மையான இறுதிப் போட்டி.

மார்ச் 19, பட்லர் ஃபீல்டுஹவுஸ். எதிரில் கேரி ரூஸ்வெல்ட். நினைவிருக்கிறதா? ஒதுக்கி வைத்த காலத்தில் அட்டக்ஸோடு ஆடிய அதே பள்ளி. ஒரு காலத்தில் உள்ளே விடமாட்டோம் என்ற போட்டியின் இறுதியில் இரண்டு பக்கமும் கறுப்பினப் பள்ளிகள்! அந்த கேரி அணியில் டிக் பார்னெட் இருந்தார். பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் அணிக்காக இரண்டு முறை தேசிய லீக் பட்டம் வென்றவர். இருந்தும் ஆட்டம் ஒருதலையாகப் போனது. 97–74. எல்லா இனத்தவரும் ஆடும் மாநிலப் போட்டி ஒன்றில் கறுப்பினப் பள்ளி ஒன்று பட்டம் வாங்கியது அமெரிக்காவிலேயே அதுதான் முதல் முறை. அதோடு இன்னொன்று: 1911இலிருந்து போட்டி நடக்கிறது, தலைநகரான இண்டியானாபொலிஸின் எந்தப் பள்ளியும் அதுவரை ஒருமுறைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை! 44 ஆண்டுத் தாகத்தைத் தீர்த்தவர்கள், ஊர் ஒதுக்கிய பிள்ளைகள்.

ஊர் எப்படிக் கொண்டாடியது? அங்கே ஒரு வழக்கம். பட்டம் வென்ற பையன்களைத் தீயணைப்பு வண்டியில் ஏற்றி, நகர மையத்திலிருக்கும் மான்யுமென்ட் சர்க்கிளுக்குக் கூட்டி வருவார்கள். நம் ஊரில் தேர் நிலைக்கு வருவது மாதிரி, கொண்டாட்டம் அங்கேதான் சூடுபிடிக்கும். ஆனால் இறுதிப் போட்டிக்கு முன்பே நகர அதிகாரிகள் தலைமையாசிரியர் லேனைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார்கள். ஜெயித்தால் கலவரம் வருமோ, கடை கண்ணாடி உடையுமோ என்ற கவலை அவர்களுக்கு. வேறு எந்தப் பள்ளித் தலைமையாசிரியரையும் கேட்காத கேள்வி.

அன்றிரவு பையன்கள் வண்டியில் ஏறினார்கள். வண்டி மான்யுமென்ட் சர்க்கிளுக்கு வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்கவில்லை. நேராக வடக்கே திரும்பி, கறுப்பின மக்கள் வாழும் பகுதியிலிருந்த நார்த்வெஸ்டர்ன் பூங்காவுக்குப் போய்விட்டது. அங்கே தீ மூட்டி மக்கள் ஆடிப் பாடிக் கொண்டாடினார்கள். ஆஸ்கருக்கு மட்டும் அங்கே நிற்க மனம் வரவில்லை. அப்பா வீட்டுக்குப் போய்விட்டான். அவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னதை, பல பத்தாண்டுகள் கழித்துத் தன் சுயசரிதையில் எழுதினார். மாநிலத்தின் முதல்தர ஆட்டக்காரன், கோப்பை வாங்கிய இரவில், தரையில் படுத்துக் கிடந்தான். அப்போது அவன் வயது 16.

அந்த 1955ஆம் ஆண்டு வகுப்பிலிருந்து பட்டம் வாங்கி வெளியே வந்த ஒரு மாணவி ஜூலியா கார்சன். பின்னாளில் இண்டியானாபொலிஸ் மக்களின் பிரதிநிதியாக அமெரிக்க நாடாளுமன்றத்துக்கே போனார்!

மறு ஆண்டு பதில் சொன்னார்கள். 1956: 31 ஆட்டம், 31 வெற்றி. இண்டியானா மாநிலப் போட்டியின் வரலாற்றில் ஒரு தோல்வியும் இல்லாமல் பட்டம் வாங்கிய முதல் அணி. இறுதியில் லஃபயெட் ஜெபர்சன் பள்ளி. (பள்ளிக்கு வேண்டாம் என்று மக்கள் மறுத்தார்களே, அந்த ஜெபர்சன் பெயர்தான்! வரலாறு சில நேரம் சிறுகதை எழுதுகிறது.) 79–57. அதில் ஆஸ்கர் மட்டும் 39 புள்ளி. இரண்டு பருவங்களையும் சேர்த்துத் தொடர்ந்து 45 வெற்றிகள். 1957இலும் இறுதிவரை போய் சவுத் பெண்ட் சென்ட்ரலிடம் தோற்றார்கள். ரே க்ரோ அதோடு பயிற்சியை விட்டார். பின்னாளில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஆனார்.

அவர் இடத்துக்கு வந்தவர் பில் காரெட். இவர் கதையைத் தனியாகவே எழுதலாம். 1947இல் ஷெல்பிவில் பள்ளிக்காக மாநிலப் பட்டம் வென்றவர். கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்று பெரிய பல்கலைக்கழகங்களுக்குள் எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் இருந்தது. இண்டியானா பல்கலைக்கழக அணியில் நுழைந்து அதை உடைத்தவர். அவர் பயிற்சியில் 1959இல் அட்டக்ஸ் மூன்றாவது முறை கோப்பை வாங்கியது. கொகோமோ பள்ளிக்கு எதிராக 92–54! ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஒரே மாநிலக் கோப்பையைத் தொட்ட மனிதர்.

இப்போது ஒரு முரண். பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாது என்று இண்டியானா 1949இலேயே சட்டம் போட்டுவிட்டது. சட்டம் போட்டால் போதுமா? ஊர் அசையவில்லை. ஆனால் அட்டக்ஸ் கோப்பைமேல் கோப்பை வாங்கத் தொடங்கியதும் மற்றப் பள்ளிகளுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. தங்கள் வட்டாரத்திலேயே இருக்கும் நல்ல கறுப்பின ஆட்டக்காரர்களை எதற்காக அட்டக்ஸுக்குத் தாரை வார்க்க வேண்டும்? சட்டத்துக்கு அசையாத கதவு கோப்பைக்காக அசைந்தது என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்களே சொல்வதுண்டு. அதனால் கெட்டது யார்? அட்டக்ஸ்தான்! பிள்ளைகள் பல பள்ளிகளுக்குப் பிரிந்து போகப் போக, கோப்பை கனவாகிவிட்டது. 1968இல் மத்திய அரசு வழக்குப் போட்டு, 1971இல் நீதிமன்றம் ஊரைக் கண்டித்த பிறகுதான் மிச்சப் பிரிவினையும் கலைந்தது. வெள்ளைப் பிள்ளைகளும் அட்டக்ஸுக்கு வந்தார்கள். ஆனால் மாணவர் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே போய், 1986இல் உயர்நிலைப் பள்ளி என்ற தகுதியே போனது. அடுத்து நடுநிலைப் பள்ளி. கட்டடம் மட்டும் 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் ஏறியது. நினைவுச் சின்னமாகிவிட்டால் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அதற்குள் ஆஸ்கர் என்ன ஆனார்? 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்து லீக்கில் 1961–62 பருவம் முழுவதும் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட் (கூடை தவறித் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 11.4 அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடையில் போடப் பந்து கொடுப்பது). மூன்றிலும் இரட்டை இலக்கம். ‘ட்ரிபிள் டபுள்’ என்பார்கள். ஓர் ஆட்டத்தில் வந்தாலே பேசுவார்கள். இவர் ஒரு பருவத்தின் சராசரியாகவே வைத்திருந்தார்! 1971இல் மில்வாக்கி அணியோடு லீக் பட்டம். இதையெல்லாம்விடப் பெரியது என்று நான் நினைப்பது வேறொன்று. ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து 1970இல் லீக்மேலேயே அவர் தொடுத்த வழக்கு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரை அணி முதலாளி கட்டிப்போட்டு வைக்கும் வழக்கம் அன்று இருந்தது. 1976இல் சமரசத்தில் முடிந்த அந்த வழக்குதான் அந்தக் கயிற்றைத் தளர்த்தியது. இன்று கோடிகளில் ஒப்பந்தம் போட்டு அணி மாறும் நட்சத்திரங்கள் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கிறது. எண்ணிக்கையில் அடங்காத இன்னொரு செய்தியும் உண்டு: 1997இல் தன் மகளுக்குச் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார்.

2006இல் அட்டக்ஸ் மறுபடி உயர்நிலைப் பள்ளி ஆனது. இந்த முறை மருத்துவத் துறைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கான சிறப்புப் பள்ளியாக. பழைய கட்டடம், புது வகுப்புகள், உள்ளேயே ஓர் அருங்காட்சியகம்.

2015இல், 500 மைல் பந்தயத்தையொட்டி நகரம் நடத்தும் பெரிய ஊர்வலத்துக்குத் தலைமை தாங்க யாரை அழைத்தார்கள் தெரியுமா? 1955 அணியின் கிழவர்களை! அறுபது ஆண்டு கழித்து ஊர் அவர்களை முன்னே போகச் சொன்னது. சிலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ரே க்ரோவும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. 2017 மார்ச் கடைசி வாரம். போட்டி இப்போது பள்ளியின் அளவைப் பொறுத்து நான்கு பிரிவு. மூன்றாம் பிரிவின் இறுதியில் அட்டக்ஸ்! எதிரில் ட்வின் லேக்ஸ் பள்ளி. 73–71, அட்டக்ஸுக்கு 58 ஆண்டுகளுக்குப் பிறகு மாநிலக் கோப்பை. இதே பருவத்தில்தான் தேசிய லீக்கில் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஒரே பருவத்தில் 41 முறை ட்ரிபிள் டபுள் எடுத்த ஆஸ்கரின் 55 ஆண்டுச் சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். இரண்டு வாரத்தில் 42ஆவதை எடுத்து முறியடித்தும்விட்டார். நாடே அந்த எண்ணிக்கையை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது, சாதனைக்குச் சொந்தக்காரர் எங்கே இருந்தார் தெரியுமா? இண்டியானாபொலிஸ் நகர மையத்து அரங்கில், அட்டக்ஸ் பையன்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் பதக்கம் மாட்டிக்கொண்டிருந்தார். வயது 78.